இடப்பக்கம் திரும்ப மறுத்த ஜீப்

தேச முக்கியத்துவம் வாய்ந்த செய்தி ஒன்று. உட்கார்ந்து படிப்பவர்கள் எழுந்து நிற்கவும். ஏற்கெனவே நிற்பவர்கள் கையில் இருக்கும் டீ டம்ளரைக் கீழே வைக்கவும். கோவிலம்பாக்கம் தட்சிணாமூர்த்தி அவர்களுக்குச் சொந்தமானதும், நான்கு சக்கரங்களாலும் இழுக்க வல்லதும், மலையேறவும் மடு தாண்டவுமே பிறவி எடுத்ததுமான ஜீப், சென்ற திங்கட்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, மேடவாக்கம் மெயின் ரோட்டில், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு எதிரே, இடப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டது.

முன்பக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். அடுத்து ஒரு மௌனம். அதற்கும் அடுத்து, பின்னால் மாட்டிக்கொண்ட ஷேர் ஆட்டோக்காரர்களின் கருத்துகள். அவை அச்சேறத் தகுந்தவை அல்ல.

அன்று மாலைக்குள் துக்கம் விசாரிக்கப் பதினோரு பேர் வந்துபோனார்கள். புதன்கிழமை காலை பன்னிரண்டாவதாகத் தனசிங் போய்க்கொண்டிருந்தார்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கிறது தனசிங் துப்பறியும் நிலையம். கேஸ் இல்லாத நாட்களில் கீழிருந்து வரும் பன் வாசனைதான் அதன் வருமானம். தனசிங் அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். ஒடுங்கிய பம்பர்களைத் தடவித் தடவியே, பொய்யில் எத்தனை மாடல் உண்டோ அத்தனையும் கற்றுக்கொண்டார். எல்லா வண்டியும் கடைசியில் தன் மேஜைக்குத்தான் வருகிறது என்பதைப் பார்த்துவிட்டதால் டிரைவிங் கற்றுக்கொள்ளவில்லை. காரை ஓட்டுவது உதவியாளர் ஹெப்சி. சேலையூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பதினோரு வருஷம் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து, தனி பிரேக்கில் கால் வைத்து, பொதுமக்கள் உயிரைக் காப்பாற்றியவள். அதனால் மனிதகுலத்தின் மேல் அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது.

"போன வாரம் காணாமப்போன நாய். இந்த வாரம் திரும்பாத ஜீப்," என்றாள் ஹெப்சி. "நாயாவது தானா திரும்பி வந்துச்சு சார்."

தட்சிணாமூர்த்தியின் வீட்டு வாசலிலேயே அவருடைய பதவி மூன்று பலகைகளில் எழுதியிருந்தது. தென்சென்னை நான்கு சக்கர வீரர் பேரவை, நிறுவனர்-தலைவர். அவருடைய அப்பா காலத்தில் ஏரிக்கரை வரை நெல் விளைந்த நிலம் அது. இப்போது அதில் லிஃப்ட் வைத்த ஐந்து மாடிகள் விளைந்திருக்கின்றன. வேலை இல்லாத பெரிய மனிதருக்கு வீரம் தேவைப்படுகிறது. அவர் எட்டுப் பாக்கெட் வைத்த காட்டுப் பேண்ட் போட்டிருந்தார். ஏழு பாக்கெட்டில் ஒன்றும் இல்லை. எட்டாவதில் விபூதிப் பொட்டலம் இருந்தது.

சாதாரணமாகப் பேசும்போதே எதிரே மைக் இருப்பதுபோலப் பேசும் அந்த மனிதர் விஷயத்தை விரித்துரைத்தார். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோவிலில் பேரவையின் பயிற்சி முகாம். அதை முடித்துவிட்டு அவரே ஜீப்பை ஓட்டிக்கொண்டு வீடு வந்தார். டிரைவர் வெற்றிவேலுக்கு ஞாயிறு லீவு. வழியில் வண்டிக்கு ஒரு தும்மல்கூட இல்லை. திங்கள் காலை ஏழு மணிக்கு வெற்றிவேல் வந்தான். பத்து பத்துக்கு, அவன் ஓட்டிப்போகும்போது, வண்டி படுத்தது. வண்டியைக் கட்டி இழுத்துவந்து போட்ட பிறகு, முன் அச்சின் மூட்டு நொறுங்கிப்போயிருப்பதாக மெக்கானிக் வீட்டுக்கே வந்து பார்த்துச் சொன்னார். ஏழு மணிக்கும் பத்து பத்துக்கும் நடுவில் நடந்தது சதி.

சதிக்குப் பின்னால் இருப்பவர் கேளம்பாக்கம் ஹரிபிரசாத். பேரவையின் முன்னாள் துணைத்தலைவர். சால்வை போடும் வரிசையில் தகராறாகி, பிரிந்து போய், அதிவீரர் பேரவை தொடங்கியவர்.

"ஒன்பது வருஷம் என் சோத்தைத் தின்னவன் சார் வெற்றிவேல்," என்றார் தட்சிணாமூர்த்தி. "திடீர்னு காலேஜ் பஸ் ஓட்டப் போறானாம். வர்ற திங்கக்கிழமை சேரணுமாம். அதுக்கு என்கிட்ட அனுபவக் கடிதம் வேணும், போலீஸ்ல நன்னடத்தைச் சான்று வேணும். நான் கொடுக்கிற புகாருக்கு அப்புறம் அந்தச் சான்றை எப்படி வாங்குறான்னு பார்க்கிறேன்."

புகார் தயாராகவே இருந்தது. நான்கு பக்கம், டைப் அடித்து. இன்று மாலை ஐந்து மணிக்குப் பேரவைச் செயற்குழு கூடுகிறது. அங்கே கையெழுத்துப் போட்டு, ஊர்வலமாக ஸ்டேஷனுக்குப் போவதாகத் திட்டம். புகாரோடு இணைக்க ஒரு துப்பறியும் நிபுணரின் ஒரு பக்க அறிக்கை வேண்டும். முடிவு என்ன வரவேண்டும் என்பதை அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். நிபுணரின் சிரமம் குறையட்டும் என்று.

பிறகு ஆதாரம் காட்டினார். போர்ட்டிகோ கேமராவில் பதிவானது. பெரிய டிவியில் ஓடியது.

திங்கள் காலை ஏழு பன்னிரண்டு. வெற்றிவேல் வந்து ஜீப்பைச் சுற்றி ஒருமுறை நடக்கிறார். ஏறுகிறார். வண்டி மெல்ல நகர்ந்து, ஒரு மாதிரி இழுத்துப் பறித்துக்கொண்டு நிற்கிறது. அவர் வீட்டு ஜன்னலைப் பார்க்கிறார். குனிகிறார். வண்டி பத்தடி பின்னால் வருகிறது. மறுபடி குனிகிறார். பத்தடி முன்னால். மறுபடி பின்னால். மூன்றாவது முறை குனிந்து நிமிர்ந்தவர் டேஷ்போர்டை ஒரு தட்டு தட்டுகிறார், இறங்குகிறார், வாளியில் தண்ணீர் பிடிக்கப் போகிறார்.

"முன்னாடி, பின்னாடி, முன்னாடி, பின்னாடி. ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு ஏதோ பண்றான். இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

தனசிங் அதை இன்னொரு முறை போடச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர் பார்த்தது குனிந்தவரை அல்ல, சக்கரங்களை. ஒருமுறைகூட ஸ்டியரிங்கை ஒடிக்கவில்லை. நேராகப் போய், நேராக வந்தது வண்டி. நாசவேலை செய்பவன் இத்தனை நேர்கோட்டில் செய்வானா என்று அவருக்கு ஒரு சின்ன உறுத்தல்.

வெளியே போர்ட்டிகோவில் ஜீப் நின்றிருந்தது. கியர் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர். அதன் குமிழில் டூ ஹெச், ஃபோர் ஹெச், நியூட்ரல், ஃபோர் எல் என்று செதுக்கியிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டர் கண்ணாடியில் காய்ந்த சந்தனம் ஒரு ரூபாய் அகலத்துக்கு, நடுவில் குங்குமம். ஹெப்சி அதைச் சுரண்டக் கை நீட்டியபோது தட்சிணாமூர்த்தி பதறிப்போய்த் தடுத்தார். முகாமில் பூஜை போட்ட சந்தனமாம். உதிர்கிறவரைக்கும் கை படக்கூடாதாம்.

ஹெப்சி கீழே பார்த்தாள். கேட்டிலிருந்து போர்ட்டிகோவுக்கு வளையும் சிமெண்ட் தரையில் கறுப்பாக டயர் தேய்ந்த தடம். கோடாக இல்லை. விட்டு விட்டு, புள்ளிக் கோலம்போல. வளைவு முடிந்து நேராகும் இடத்தில் தடமும் முடிந்துவிட்டது.

"நாலு சக்கர டிரைவைப் போட்டுட்டு எடுக்க மறந்துட்டீங்களா சார்?" என்று கேட்டாள்.

தட்சிணாமூர்த்தி சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே ஒரு கைதட்டலுக்கு இடம் விட்டிருந்தார். உள்ளே போய், தானே எழுதிய 'வீரனுக்கு விதிகள் பத்து' என்ற கையடக்கப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். இதை எழுதியவனா மறப்பான்? அதோடு, மெக்கானிக் வந்து பார்த்தபோது லீவர் டூ ஹெச்சில்தான் இருந்தது. அதை அவர் கைப்பட எழுதியும் கொடுத்திருக்கிறார்.

இத்துடன் அந்தச் சந்தேகம் செத்தது. அல்லது செத்ததுபோலப் படுத்தது.

கார் மேடவாக்கத்தை நோக்கிப் போகும்போது, டூ ஹெச் என்றால் என்ன, ஃபோர் ஹெச் என்றால் என்ன, தனக்கு நன்றாகத் தெரியும், இருந்தாலும் ஹெப்சியின் வாயால் கேட்க வேண்டும் என்றார் தனசிங். தெரியாத விஷயத்தை அவர் இப்படித்தான் கேட்பார்.

"ரோட்டுல ஓட்ட டூ ஹெச். பின் சக்கரம் மட்டும் தள்ளும். மணல், சேறுன்னா ஃபோர் ஹெச். நாலும் இழுக்கும். பாறை, செங்குத்து மேடுன்னா ஃபோர் எல். ஆமை வேகம், ஆனை பலம்," என்றாள் ஹெப்சி. "இந்த மாதிரி ஜீப்புல ஃபோர் ஹெச் போட்டா முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்துல சுத்தணும்னு பூட்டிக்கும். நேரா போற வரைக்கும் பிரச்சினை இல்ல. வளைவுல முன் சக்கரம் பெரிய வட்டம் போகும், பின் சக்கரம் சின்ன வட்டம் போகும்."

"அதனால?"

"கல்யாணத்துல வேட்டி முனையையும் புடவை முனையையும் முடிச்சுப் போட்டு அக்கினியைச் சுத்துவாங்கள்ல. வெளிவட்டத்துல போறவர் அதிகமா நடக்கணும், உள்வட்டத்துல போறவர் கம்மியா நடக்கணும். ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் நடப்போம்னு அடம் பிடிச்சா?"

"வேட்டி அவிழும்."

"மணல்ல காலு கொஞ்சம் வழுக்கிக் குடுக்கும். சமாளிச்சிரலாம். காஞ்ச தார் ரோட்டுல வழுக்காது. இறுக்கம் ஏறிக்கிட்டே போகும். டயர் குதிக்கும், கத்தும், விட்டு விட்டுத் தேயும். இல்லேன்னா உள்ள ஏதாவது உடையும்."

"ஆனா லீவர் டூ ஹெச்ல இருந்திருக்கு."

"அதான் சார் பேஜார்," என்றாள் ஹெப்சி.

வெற்றிவேலை மேடவாக்கம் கூட்ரோட்டில் ஒரு டீக்கடையில் பார்த்தார்கள். நாற்பத்தைந்து வயது. வெள்ளைச் சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் லைசென்ஸ் நகல், ஆதார் நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள். இரண்டு இடம் மட்டும் காலி. எல்லாக் கேள்விக்கும் பணிவாகப் பதில் சொன்னார். ஹரிபிரசாத்தைக் கடைசியாகப் பார்த்தது, பழைய துணைத்தலைவருக்குத் தலைவர் போட்ட சால்வையைத் தலைவரே திரும்ப வாங்கிவரச் சொன்னபோது. காலேஜ் பஸ் வேலையில் பி.எஃப். உண்டு, ஞாயிற்றோடு சனியும் லீவு. மகள் அந்தக் காலேஜிலேயே படித்தால் ஃபீஸில் பாதி தள்ளுபடி. பன்னிரண்டாவது ரிசல்ட் வந்துவிட்டது, சேர வேண்டியதுதான் பாக்கி. ஜீப்பை முன்னாலும் பின்னாலும் எடுத்தது உண்மையா என்றதற்கு, உண்மை என்றார். ஏன் என்றதற்கு டீயைக் குடித்தார்.

"அண்ணா, நீங்க வாயைத் திறக்கலேன்னா அஞ்சு மணிக்கு உங்க மேல கேஸ்," என்றாள் ஹெப்சி.

"திறந்தாலும் எனக்கு நஷ்டம்தான் மேடம்," என்றார் வெற்றிவேல். டீக்குக் காசை அவர்தான் கொடுத்தார். தடுக்கவும் முடியவில்லை.

காருக்குள் உட்கார்ந்து தனசிங் புகாரின் நகலைப் பிரித்தார். பெருமை பிடித்தவர்களின் புகாரில் ஒரு சௌகரியம் உண்டு. குற்றவாளியைப் பற்றி அரைப் பக்கம் இருக்கும், தன்னைப் பற்றி மூன்றரைப் பக்கம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கே புறப்பட்டு, எங்கே நின்று, எங்கே டீசல் போட்டு, எங்கே யார் தன்னை அடையாளம் கண்டு வணங்கினார் என்பது வரை தட்சிணாமூர்த்தி மணிக்கணக்கோடு எழுதியிருந்தார்.

"நேர் ரோட்டுல தடம் இருக்காது," என்றார் தனசிங். "வளைஞ்ச இடமா பார்த்துப் போவோம்."

சேலையூர் பெட்ரோல் பங்க். மாலை ஐந்து இருபது, டீசல், ஊழியர் எழுந்து நின்று வணக்கம், என்றது புகார். அந்த ஊழியரின் பெயர் தனக்கோடி. பங்கில் நாற்காலியே கிடையாது, அவள் எப்போதும் நின்றுகொண்டேதான் இருக்கிறாள் என்பது முதலில் தெரிய வந்தது. இரண்டாவதாக, டீசல் பம்ப் பக்கம் சிமெண்ட் தரையில் வளைவாக, கறுப்பாக, விட்டு விட்டு, அதே புள்ளிக் கோலம்.

"அந்த ஜீப்பா? நல்லா ஞாபகம் கீதுக்கா," என்றாள் தனக்கோடி. "ஒடிச்சு வளைக்கசொல்ல டயரு கத்திகினு, எகிறி எகிறி குதிச்சிகினு வந்துச்சு. இன்னா சார் வண்டிக்கு ஒடம்பு சரியில்லையான்னு கேட்டேன். இது வீரம்மா, ஒனக்குப் புரியாதுன்னாரு. போறப்ப டயருக்கு எவ்ளோ காத்து வைக்கணும்னு கால் மணி நேரம் பேசினாரு. பின்னாடி ஒம்போது வண்டி நின்னுச்சு."

காரில் ஏறியதும், கேஸ் முடிந்தது என்றாள் ஹெப்சி. வெற்றிவேல் தொடுவதற்கு முந்தின நாளே வண்டி குதித்திருக்கிறது. தனசிங் மறுப்பாகத் தலையை ஆட்டினார். குதித்தது வண்டியின் கம்பீரம் என்று சொல்லக்கூடியவர் தட்சிணாமூர்த்தி. லீவர் ஃபோர் ஹெச்சில் இருந்ததைப் பார்த்த கண் வேண்டும். அது எப்போது போடப்பட்டது, எப்போது எடுக்கப்பட்டது, யாரால். மூன்றும் தெரியாமல் ஐந்து மணிக்கு அந்த வீட்டில் கால் வைக்க முடியாது.

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் போய்ச் சேர பன்னிரண்டரை ஆனது. 'முகாம் நடைபெற்ற கரடுமுரடான நிலப்பரப்பு' என்று புகார் வர்ணித்த இடத்தைத் தேடி மூன்று முறை அதே தெருவைச் சுற்றினார்கள். கடைசியில் அது ஒரு கல்யாண மண்டபத்தின் கார் பார்க்கிங்.

மண்டபத்துக் காவலாளி சத்தியநாதன் நடந்ததைச் சொன்னார். வெயில் காலம், எந்த ஏரியிலும் சேறு இல்லை. ஆகவே பேரவை ஒரு லாரி எம்-சாண்ட் மணல் கொட்டி, ஒரு டேங்கர் தண்ணீர் ஊற்றி, இருபதடி நீளத்துக்குக் கரடுமுரடான நிலப்பரப்பைத் தயாரித்தது. முதலில் பூஜை. பிறகு உரை. பிறகு தலைவர் ஜீப்பில் ஏறி அந்த இருபதடியைக் கடந்தார். கைதட்டல். மறுநாள் முகூர்த்தம் இருந்ததால், அவர் கேட்டைத் தாண்டுவதற்குள் மண்ணை வாரச் சொல்லி மேனேஜர் நின்றார்.

"மண்ணைத் தாண்டினதும் நேரா கேட்டுக்குப் போயிட்டாரா?" என்று தனசிங் கேட்டார். நிற்கவே இல்லை என்றார் சத்தியநாதன். நிறுத்தினால் கைதட்டல் நின்றுவிடும் என்று நினைத்திருக்கலாம் என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம்.

கேட் வளைவில் பேவர் கல்லின் மேல் தனசிங் குந்தி உட்கார்ந்தார். புள்ளிக் கோலம் அங்கேதான் தொடங்கியது.

பேரவையின் யூடியூப் பக்கத்தில் அந்த உரை முழுதாக இருந்தது. நாற்பத்துமூன்று பேர் பார்த்திருந்தார்கள். ஹெப்சி நாற்பத்துநான்காவது ஆனாள். முதல் ஐந்து நிமிடம் பூஜை. செயலாளர் ஸ்ரீநிவாசராகவன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கிண்ணத்தோடு ஜீப்புக்குள் எக்கி எதையோ பூசினார். ஒன்பதாவது நிமிடத்தில் தலைவர் குட்டி லீவரைப் பிடித்து இழுத்தார். "வீரம் விழித்துக்கொண்டது" என்று மைக்கில் சொன்னார். இருபதடி. கைதட்டல். கேட். வீடியோ முடிந்தது. விழித்த வீரத்தை யாரும் தூங்க வைக்கவில்லை.

"ஃபோர் ஹெச் போட்டா மீட்டர்ல பச்சை விளக்கு எரியும் சார்," என்றாள் ஹெப்சி. "நாற்பது கிலோமீட்டர் அது எரிஞ்சுகிட்டே வந்திருக்கணும். இவர் கண்ணுல படலையா?"

தனசிங் வீடியோவைப் பின்னால் தள்ளி, செயலாளர் எக்கும் இடத்தில் நிறுத்தினார். கிண்ணம் எங்கே போகிறது என்று பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"போட்டது யாரு, எப்போன்னு தெரிஞ்சுபோச்சு. எடுத்தது யாரு?"

'வீரனுக்கு விதிகள் பத்து' புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த ஹெப்சி, ஓர் இடத்தில் விரலை வைத்து அவர் மடியில் போட்டாள். தனசிங் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு, பசிக்கிறது, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகலாம், நேரம் இருக்கிறது என்றார்.

ஐந்து மணிக்குத் தட்சிணாமூர்த்தி வீட்டு ஹாலில் செயற்குழு கூடியிருந்தது. ஐந்து பேருக்கு ஒரு மைக். மேஜை மேல் புகார், அதன் மேல் திறந்த பேனா. தனசிங்கின் வேண்டுகோளுக்கு இணங்க வெற்றிவேலும் வரவழைக்கப்பட்டு, கதவோரம் ஃபைலோடு நின்றார்.

அறிக்கை சிறியது, அதற்கு முன் ஒரு மரியாதை செய்ய ஆசைப்படுகிறேன் என்றார் தனசிங். தலைவர் இயற்றிய நூலிலிருந்து ஒன்பதாம் விதியைத் தலைவரின் குரலிலேயே கேட்க வேண்டும். செயற்குழு தலையாட்டியது. தட்சிணாமூர்த்தி மறுக்கும் பழக்கம் இல்லாதவர். மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். ஹெப்சி டிவி ரிமோட்டைக் கையில் எடுத்தாள்.

"விதி ஒன்பது," என்று தொடங்கினார். "உலர்ந்த சாலையில் ஃபோர் ஹெச்சில் ஓட்டுபவன் வீரன் அல்லன், மூடன்."

செயற்குழு கைதட்டியது. டிவியில் திங்கள் காலை ஏழு பன்னிரண்டு ஓடத் தொடங்கியது.

"அவ்வாறு ஓட்டியதால் இறுகிப்போன வண்டி, நகர்த்தினால் பறித்துக்கொண்டு நிற்கும்."

ஜீப் பறித்துக்கொண்டு நின்றது.

"லீவர் அசையாது. பலம் காட்டாதே. ஸ்டியரிங்கை ஒடிக்காமல், நேராக, பத்தடி பின்னால் எடு."

ஜீப் பத்தடி பின்னால் வந்தது. தட்சிணாமூர்த்தி புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்துத் திரையைப் பார்த்தார். வாய் மட்டும் பழக்கத்தில் வாசித்துக்கொண்டே போனது.

"லீவரைத் தள்ளிப் பார். வராவிட்டால் முன்னால் எடு. மறுபடி... மறுபடி பின்னால் எடு. இறுக்கம் விட்டதும் லீவர் தானே... தானே டூ ஹெச்சுக்கு..."

திரையில் வெற்றிவேல் மூன்றாவது முறை குனிந்து நிமிர்ந்தார். மைக்கில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

தனசிங் அறிக்கையை வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை மண்டபத்தில் போட்ட ஃபோர் ஹெச், இருபதடி மண்ணுக்குப் பிறகும் எடுக்கப்படாமல், ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் காய்ந்த சாலையில் கோவிலம்பாக்கம் வந்தது. மண்டப கேட், பங்க், இந்த வீட்டு வாசல் என ஒடித்து வளைத்த இடமெல்லாம் டயர் சாட்சி வைத்திருக்கிறது. மூட்டுக்கு அடிபட்டது ஞாயிற்றுக்கிழமை, உயிர் போனது திங்கட்கிழமை. நடுவில் வண்டியைத் தொட்ட ஒருவர், தலைவரின் நூலை வரி பிசகாமல் பின்பற்றினார். இதுவரை அதைப் பின்பற்றிய ஒரே வாசகர் அவர்தான். புகார் கொடுப்பதானால் அறிக்கை, வீடியோ, நூல் மூன்றையும் இணைப்பாகத் தரத் தயார்.

தட்சிணாமூர்த்தி மைக்கை மேஜையில் வைத்தார். அது இல்லாமல் அவருடைய குரல் ஒரு சாதாரண மனிதருடைய குரலாக இருந்தது.

"ஏன்டா வெற்றி, அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

வெற்றிவேல் ஃபைலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"காலையில நீங்க ஏறினதும் லீவரைப் பார்த்துச் சங்கடப்பட வேணாம்னுதான் சார் எடுத்து வெச்சேன். மூட்டுக்கு அடிபட்டிருக்கும்னு நினைக்கல. அப்புறம் உடைஞ்சுது. உங்ககிட்ட அனுபவக் கடிதம் கேட்டிருந்தேன். நீங்க மைக்ல சொன்னதை நீங்களே செய்யலன்னு சொல்லிட்டு, அதே வாயால எப்படி சார் கடிதம் கேப்பேன்?"

முதலாளியின் மரியாதையைக் காப்பாற்ற ஒருவன் அழித்த தடயம், அவன் குற்றமற்றவன் என்பதற்கு இருந்த ஒரே தடயம். அது தட்சிணாமூர்த்திக்குப் புரிந்தது என்றுதான் தோன்றியது. பேனாவை மூடினார். காதுமடல் சிவந்திருந்தது.

இந்த நேரத்தில் ஸ்ரீநிவாசராகவன் எழுந்தார். முப்பது வருஷம் வங்கியில் மேலதிகாரிகளைக் காப்பாற்றிய அனுபவம் அவருக்கு உண்டு. மீட்டரில் சந்தனம் வைத்தது தான்தான் என்றார். ஹெப்சி வெளியே போய் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சாவி போட்டு லீவரை இழுத்துக் காட்டினாள். சந்தனம் இருந்த அதே ரூபாய் அகலத்தில் பச்சை விளக்கு எரிந்தது. செயற்குழு போர்ட்டிகோவில் குனிந்து நின்று, கர்ப்பக்கிரகத்தைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தது.

தட்சிணாமூர்த்தியின் முதுகு நிமிர ஆரம்பித்ததைத் தனசிங் கவனித்தார். குற்றவாளி கிடைத்துவிட்டது. உள்ளே போய் மைக்கை எடுத்தார் தலைவர். தலைவரின் பார்வையை மறைத்த சந்தனத்தைப் பேரவை வன்மையாகக் கண்டிக்கிறது. இனி மீட்டர் கண்ணாடியில் பொட்டு வைப்பதில்லை. இது பதினோராம் விதியாகச் சேர்க்கப்படும். ஒருமனதாக நிறைவேறியது.

"புகாரு?" என்றாள் ஹெப்சி.

எது புகார் என்பதுபோலப் பார்த்தார் தட்சிணாமூர்த்தி. தனசிங் அந்த நான்கு பக்கத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, கிழிபடும் சத்தம் கேட்கும்வரை நகரவில்லை. அதன் பிறகு லெட்டர்ஹெட்டில் ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அனுபவக் கடிதம் இரண்டு பக்கம் வந்தது. முதல் ஒன்றரைப் பக்கம் தலைவரின் சாதனைகள். மீதி அரைப் பக்கத்தில், வெற்றிவேல் ஒன்பது வருஷம் ஒரு விபத்தும் இல்லாமல் ஓட்டியவர், நேர்மையானவர், நான்கு சக்கர நுட்பங்களைத் தலைவரிடமே பயின்றவர் என்று இருந்தது. வெற்றிவேல் அதை வாங்கி, கடைசி வரியை மட்டும் இரண்டு முறை படித்து, ஃபைலில் வைத்தார்.

திரும்பும்போது, தட்சிணாமூர்த்தி உள்ளூர நல்ல மனிதர்தான் என்றார் தனசிங். இருக்கலாம், அவரை யாரும் இன்னும் மைக் இல்லாமல் பார்த்ததில்லை என்றாள் ஹெப்சி.

இரண்டு காலி இடமும் நிரம்பிய ஃபைலோடு வெற்றிவேல் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தார். காலேஜ் பஸ்ஸுக்குப் பின் சக்கர டிரைவ் மட்டும்தான்.